பந்தக்காலுக்காக நீ மொட்டையடித்த மூலை

கௌதம்,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மனதில் இல்லாததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு அம்மா மகனுக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். விட்டுக்கொடுத்துப் போ, பொறுமையாக இரு, அவள் வீட்டு மனிதர்களை மதி. இதையெல்லாம் உனக்குச் சொல்ல நம் சொந்தத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். நான் கோபத்தில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கும் மேலாக இந்தக் கோபத்தோடுதான் சமைக்கிறேன், பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிறேன், உன் வருங்கால மாமியாரிடம் போனில் சிரித்துப் பேசுகிறேன். நீ கேட்டபோதெல்லாம் ‘ஒண்ணும் இல்லப்பா’ என்றேன். அது பொய்.

தமிழில் எழுதுகிறேன். பதினோரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். இதைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பில் போடாதே. தெரியாத வார்த்தை வந்தால் நிவேதாவிடம் கேள். எட்டாவது வரை கோயம்புத்தூரில் படித்தவள், அவளுக்குத் தெரியும். உன்னால் மெதுவாகத்தான் படிக்க முடியும். அதுதான் எனக்கும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு இதயப் படத்தை அனுப்பி முடித்துவிடுவாய்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தி.நகரில் ஒரு பட்டுக் கடையின் மூன்றாவது மாடி. கல்யாண ஜவுளிக்காக ஊருக்குப் போயிருந்த நான், உட்கார இடம் கிடைக்காமல் காத்திருந்து, கடைசியில் உட்கார்ந்து, நிவேதாவுக்கு முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கில் ஒன்றை அந்த மனிதர் அப்போதுதான் விரித்தார். போன் அதிர்ந்தது. நீ அனுப்பிய வீடியோ. மண்டபம் பார்ப்பதற்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து நீயும் நிவேதாவும் அந்த வாரக் கடைசியில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஏதோ மண்டபத்தைக் காட்டப் போகிறாய் என்று திறந்தேன். ‘அம்மா, சர்ப்ரைஸ்!’ என்று உன் குரல். டெக்கில் இறங்கி, கொல்லைப்புறத்தில் நடந்து, வடகிழக்கு மூலையில் போய் நின்றாய். வேலி தெரிந்தது. அடி முதல் நுனி வரை முழு வேலி. அந்த இடத்தில் நம் வேலியை நான் முழுதாகப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் என் செடிகள் ஒன்றுகூட இல்லை. தரை முழுக்கச் சிவப்புச் சாயம் போட்ட மரச்சில்லு. நடுவில் நீ, கையை விரித்துக்கொண்டு, ‘பந்தக்கால் இங்கே’ என்கிறாய். பின்னாலிருந்து நிவேதா கேட்கிறாள்: ‘ஆன்ட்டிகிட்ட கேட்டியா?’ நீ சிரிக்கிறாய்: ‘கேட்டா அப்புறம் எப்படி சர்ப்ரைஸ்?’

புடவை விரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, கலர் பிடிக்கலையா? வேற எடுக்கட்டுமா?’ என்றார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த அரக்குப் புடவையைத்தான் எடுத்தேன். வேறு பார்க்கத் தெம்பில்லை. நிவேதாவுக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள். நல்ல பெண்.

கடை வாசலில் நின்றே உன்னைக் கூப்பிட்டேன். நாம் பேசியது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

‘கௌதம், அந்தத் தண்டெல்லாம் எங்கே?’

‘எந்தத் தண்டு? அந்த ட்ரை ஸ்டஃபா? லேண்ட்ஸ்கேப்பிங் ஆளுங்க ட்ரக்ல எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. இட் வாஸ் ஆல் டெட்.’

‘டெட்னு உனக்கு யார் சொன்னா?’

‘அம்மா, ப்ரௌனா இருந்துச்சு.’

ப்ரௌனாக இருந்தது. அவ்வளவுதான் உன் ஆராய்ச்சி. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நான். ஒரு பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள். எழுதாத பாட்டிலாக இருந்தால், வைத்தவரைத் தேடிப்போய்க் கேட்பார்கள். நான் பெற்ற பிள்ளை, நிறத்தைப் பார்த்தே செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு போன். ‘அம்மா, இதை வெட்டலாமா?’ மூன்று வார்த்தை.

அந்தக் காய்ந்த தண்டுக்குள் என்ன இருந்தது தெரியுமா? எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய தேனீக்கள். பெட்டியில் வளர்க்கும் தேனீ இல்லை. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, யாரையும் கொட்டாது. கோடையில் தண்டின் துளைக்குள் நுழைந்து, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை, அப்புறம் ஒரு தடுப்பு, மறுபடி ஒரு முட்டை என்று வரிசையாக வைத்துவிட்டு அம்மாக்காரி செத்துப்போவாள். பனியும் மழையும் அந்தத் தண்டின்மேல்தான் போகும். வெயில் வந்து மண் சூடானதும் உள்ளே இருப்பது வெளியே வரும். அதற்காகத்தான் மே பாதி வரை நான் கத்தரி எடுப்பதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, குனிய முடியவில்லை, சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைத்தாயா? இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் நானே வெட்டியிருப்பேன். நீ ட்ரக்கில் ஏற்றி அனுப்பியது குப்பை இல்லை, பிரசவ வார்டு.

நீ விடவில்லை. ‘பந்தக்கால் நார்த்ஈஸ்ட்லதான் நடணும்னு நீதானேம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினே?’ என்றாய். அனுப்பினேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ‘ஈசானிய மூலைலதான்டா, மறந்துடாதே, அந்த இடத்தைச் சுத்தமா வச்சுக்கணும்’ என்று என் குரல்தான் அதில் இருக்கிறது. அப்புறம் போட்டுக் கேட்டேன். சொல்லும்போது அந்த மூலையில் தோட்டம் இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. கால் நட ஒரு சாண் குழி போதும், செடிகளுக்கு நடுவில் நடுவோம் என்பது என் மனதில் இருந்தது. உன் மனதில் இருக்காது என்று யோசிக்கவில்லை. அது என் தப்பு. ஆனால் கௌதம், நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக நான் செய்ததை அழித்திருக்கிறாய். என் பேச்சைக் கேட்காத நாள் எத்தனையோ உண்டு. இதை மட்டும் ஏன்டா கேட்டுத் தொலைத்தாய்?

எல்லாவற்றையும்விட வலித்தது அடுத்து நீ சொன்னதுதான். ‘அந்த மூலையில நான் ஏன் அதை வளர்க்க ஆரம்பிச்சேன்னு உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. ‘பிகாஸ் யூ லைக் கார்டனிங்?’ என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொன்னது இரண்டாவது பொய்.

எனக்கு கார்டனிங் பிடிக்காது. மண்ணில் கை வைத்தால் நகத்தில் ஏறும் அழுக்கு எனக்கு இன்றும் அருவருப்பு. ஏன் ஆரம்பித்தேன் என்று இப்போது சொல்கிறேன். உனக்கு மறந்துவிட்டது என்றால் நல்லதுதான் என்று இத்தனை நாள் இருந்தேன். இனிமேல் இருக்கமுடியாது.

உனக்கு ஒன்பது வயது. ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டை விட்டு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் கிடைக்காமல் தள்ளித் தள்ளி, ஆவணியில் ஒரு நாள் வைத்திருந்தோம். வடகிழக்கு மூலையில், வேலியை ஒட்டி, யாரும் நடாமலே ஒரு செடி கூட்டமாக வளர்ந்திருந்தது. தடித்த இலை. கிள்ளினால் வெள்ளைப் பால். காய்க்குள் பட்டு மாதிரிப் பஞ்சு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, எருக்கு. இங்கே அதை மில்க்வீட் என்கிறார்கள், எருக்குக்கு ஒருவகையில் பங்காளி என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குடியிருக்கும் வீட்டில் எருக்கு முளைக்கவிடக் கூடாது. அதுவும் ஈசானிய மூலையில். அதுவும் பூஜைக்கு முந்தின நாள்.

அந்தச் செடியில் நீ ஏழு புழு வைத்திருந்தாய். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பட்டாம்பூச்சிப் புழுக்கள். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையைப் புல்லில் எறிந்துவிட்டு அங்கேதான் ஓடுவாய். அப்போதுதான் தமிழ்ப் பள்ளியில் கிழமைகள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பெரியதிலிருந்து சின்னது வரை பெயர் வைத்திருந்தாய்: ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று. ‘அம்மா, வியாழன் சாப்பிடவே இல்ல’, ‘இன்னிக்கு சனி சட்டை மாத்திடுச்சு’ என்று வந்து சொல்வாய். வீட்டில் தமிழே பேசாத பிள்ளை, புழுவுக்காகப் பேசினாய். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஆனால் எந்தச் செடியில் என்று நான் போய்ப் பார்த்ததில்லை. புழு என்றால் எனக்கு ஆகாது.

பூஜைக்கு முந்தின நாள் காலையில் கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கினேன். கறுப்புப் பையில் திணித்தேன். புழுக்களைப் பார்த்தேன், கௌதம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. பார்த்தேன். இவைதான் அந்த ஏழு என்பதும் தெரிந்தது. ஐயர் நாளைக்கு வருகிறார், நாற்பது பேர் வருகிறார்கள், புழுவுக்கா பார்க்க முடியும் என்று பையின் வாயைக் கட்டினேன். குப்பை வண்டி பதினோரு மணிக்கு வந்தது. நீ மூன்றரைக்கு வந்தாய்.

அழுதாய் என்று சொன்னால் போதாது. குப்பைத் தொட்டியைச் சாய்த்து உள்ளே தலையை விட்டுத் தேடினாய். பிறகு வந்து என்னிடம் கேட்டாய், திட்டாமல், உண்மையாகவே புரியாமல்: ‘ஏழையுமா?’ நாளைக்கு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு வீட்டில் அழக் கூடாது என்று உன் முதுகில் ஒரு அடி வைத்தேன். நீ நிறுத்தினாய். மறுநாள் பட்டு வேட்டி கட்டி ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஃபோட்டோவில் பார், உன் கண் எப்படி வீங்கியிருக்கிறது என்று. புகை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாய். நான் தமிழில் கேட்பேன், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய். நிவேதா வந்தபிறகுதான் உன் வாயில் பாதித் தமிழாவது திரும்பி வந்தது. இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று தோழிகள் சொன்னார்கள். தலையாட்டிக்கொண்டேன். எனக்கு மட்டும் அது எந்த நாள் என்று தெரியும்.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தப்பு பண்ணிட்டேன்டா என்று. அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நான் வளர்ந்த வீட்டில் இல்லை. அதனால் சுற்றிவளைத்தேன். அந்த இலையுதிர்காலத்தில் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடைகளில் ஏறி இறங்கி மாம்பழ அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து, பிரித்து, மூலையில் புல்லின்மேல் பரப்பினேன், புல் சாகட்டும் என்று. மில்க்வீட் விதைக்குக் குளிர் காட்டாவிட்டால் முளைக்காது என்று படித்துவிட்டு, ஈர மணலில் கலந்து டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் அப்பா அதைத் திறந்து பார்த்து, சாம்பார் பொடி ஈரம் கோத்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டார். மறுபடி விதை வாங்கி, மறுபடி குளிர் காட்டினேன். முதல் இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை, இலைதான். ‘எருக்கைப் பிடுங்கினதும் நீதான், எருக்கை நடறதும் நீதான், உனக்கு என்ன ஆச்சு?’ என்றார் உன் அப்பா. அவருக்கும் காரணம் சொல்லவில்லை.

எருக்கு மட்டும் வைத்தால் பத்தாது என்று பிறகுதான் தெரிந்தது. பூச்சிகளுக்கு ஏப்ரலிலும் பசிக்கும், அக்டோபரிலும் பசிக்கும். ஆகவே குளிர் விட்டதும் பூக்கும் மஞ்சள் பூ ஒன்று, ஜூனில் ஊதாவில் ஒன்று, ஜூலையில் எருக்கு, அதன் பிறகு ஆளுயரத்துக்கு ஒன்று, கடைசியில் எல்லாம் அடங்கியபின் கோல்டன்ராடும் ஆஸ்டரும் என்று, ஒன்றின் கை ஓயும்போது இன்னொன்று பரிமாறுகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி நட்டேன். இந்த நாட்டின் நடுவில் ஒரு காலத்தில் மைல் கணக்கில் இருந்த ப்ரெய்ரி என்ற புல்வெளியில் வளர்ந்த செடிகள். நம் வீட்டில் இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் வளர்ந்தன. பனிக்காலத்தில் அந்தத் தண்டுகளின்மேல் மஞ்சள் குருவி உட்கார்ந்து விதை தின்னும். அந்தத் தோட்டத்துக்காக இங்கே நம் தமிழ்க்காரர்களிடம் நான் கேட்ட பேச்சு கொஞ்சமா? ‘சாப்பிட முடியாத செடியை எதுக்குங்க வளர்க்கிறீங்க? வெண்டைக்காய் போடலாமே’ என்றார்கள். ‘வீட்டை விக்கப் போறீங்களா? பின்னாடி இப்படி விட்டுட்டீங்களே’ என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்கு உள்ளே தூக்கிவைத்து, ஹீட்டர் போட்டு, ஜுரம் வந்த குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ளும் கூட்டம் அது. அவர்களுக்கு என் தோட்டம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. உன் ஹைஸ்கூல் கிராஜுவேஷன் பார்ட்டிக்கு அதை வெட்டலாமா என்று நீ கேட்டபோது, பார்ட்டியைக் கராஜுக்கு மாற்றினேன். ஞாபகம் இருக்கிறதா? அப்போதாவது கேட்டாய்.

புழுக்கள் வந்தன. மூன்றாம் வருஷம் ஒன்று, இரண்டு. அடுத்த வருஷம் எண்ணிக்கொண்டே இருந்தேன், உன்னிடம் சொல்லாமல். புழு என்றால் ஆகாதவள், முகத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். எட்டாவது புழுவைப் பார்த்த அன்று உன்னைக் கூப்பிட்டேன். உனக்குப் பதின்மூன்று வயது. பின்கதவு வரை வந்தாய், கையில் கேம், காதில் ஹெட்ஃபோன். ‘வந்திருக்கு பாருடா’ என்றேன். ‘கூல்’ என்றாய். உள்ளே போய்விட்டாய். நான் என்ன எதிர்பார்த்தேன்? நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீயாகப் புரிந்துகொள்வாய் என்றா? அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு நீ அந்த மூலையில் ஆள் விட்டிருக்கமாட்டாய். அது தெரிவதால்தான் என் கோபம் இத்தனை பெரிதாக இருக்கிறது. பாதி உன்மேல், பாதி என்மேல். இரண்டையும் சேர்த்து உன் தலையில்தான் இறக்குகிறேன், பொறுத்துக்கொள்.

ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து வந்து இறங்கினேன். பெட்டியை வாசலில் விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். உன் அப்பா பின்னாலேயே வந்தார். மரச்சில்லை விலக்கிப் பார்த்தால், அடியில் கறுப்புத் துணி. களை முளைக்காமல் இருக்கத் தரையோடு தரையாக விரித்து, ஆணி அடித்திருக்கிறார்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வெட்டியது போகட்டும், தண்டு போனாலும் வேர் இருக்கிறது. ஆனால் துணிக்கு அடியில் முளைப்பது எப்படி வெளியே வரும்? ‘நீங்க வீட்லதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?’ என்று உன் அப்பாவைப் பிடித்தேன். ‘அவன் ஆசையாப் பண்றான், கல்யாண நேரம், நான் என்ன சொல்ல?’ என்றார். பிறகு மெதுவாக என்னைக் கராஜுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரு கட்டுத் தண்டு, கயிறு போட்டுக் கட்டி, நட்டக்குத்தலாகச் சாய்த்துவைத்திருந்தார். ‘ஆளுங்க ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்து வச்சேன். எது முக்கியம்னு எனக்குத் தெரியல. கைக்கு வந்ததை எடுத்தேன். நீ திட்டுவேன்னு மட்டும் தெரிஞ்சுது.’ பதினெட்டு வருஷம் கேலி பண்ணின மனிதர். திட்டினேன்தான். ஆனால் அந்தக் கட்டிலிருந்து போன வாரம் ஒரு குட்டித் தேனீ தலையை நீட்டியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

துணியை எடுக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னபோது என்ன சொன்னாய்? ‘ப்ளீஸ்ம்மா, கல்யாணம் முடியற வரைக்கும் விட்டுடு. டல்லாஸ்லேர்ந்து நிவேதா பேரன்ட்ஸ் வர்றாங்க, ஃபோட்டோகிராஃபர் வர்றாங்க. அப்புறம் நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ.’ நான் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உன் கல்யாணம். உனக்கு அழகாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? காலையில் காபியோடு ஜன்னலில் நிற்பேன். துணிக்கு அடியில் இருப்பவை இன்றைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கும், எதில் முட்டிக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். இந்த வாரம் எருக்கு முளைக்கும் வாரம். எல்லாச் செடியும் வந்தபிறகு, இது செத்துவிட்டது என்று நாம் கைவிட்ட பிறகுதான் அது தலைகாட்டும்.

நேற்று சாயங்காலம் சம்பந்தியம்மா போனில், ‘பந்தக்கால் அன்னிக்கு எல்லாம் நல்லபடியா இருக்கணும்னு பிரார்த்தனை பண்ணிக்கிறேன்’ என்றார்கள். நல்லபடியாக என்றால் என்ன என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் நல்ல காரியத்துக்காக ஒரு மூலையைச் சுத்தம் செய்தேன். இப்போது நீ செய்திருக்கிறாய். இரண்டு தடவையும் ஆட்கள் வருகிறார்கள் என்பதுதான் காரணம். இன்றைக்கு விடிந்ததும் சமையலறைக் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். மரச்சில்லை வாரி ஒதுக்கினேன், ஆணியைப் பிடுங்கினேன், துணியைக் கிழித்தேன். உன் அப்பா ஆபீஸ் சட்டையோடு வந்து மறுமுனையைப் பிடித்தார். ஜெர்சி சிட்டி ஆபீஸுக்கு இன்றைக்குத் தாமதமாகத்தான் போனார். துணிக்கு அடியில், இருட்டில் வைத்து வளர்த்த முளைப்பாரி மாதிரி, எல்லாம் மஞ்சளாக, வெளிறி, தரையோடு படுத்துக் கிடந்தன. சில அழுகிவிட்டன. சில மத்தியானத்துக்குள் கொஞ்சம் நிமிர்ந்தன.

ஆகவே உன் ஃபோட்டோவில் சிவப்புத் தரை இருக்காது. என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. பந்தக்கால் அதே மூலையில்தான் நடப்போகிறோம். வழக்கத்தை நான் மாற்றவில்லை. ஆனால் குழியை நீ தோண்டப் போகிறாய், ஆள் வைத்து இல்லை. முளைத்திருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோலமாவால் வட்டம் போட்டிருக்கிறேன். சம்பந்தி வரும் அன்று காலையில் மறுபடி போடுவேன். வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, மாப்பிள்ளையாக இருந்தாலும். ஃபோட்டோகிராஃபர் அதை எடுத்துக்கொள்ளட்டும். யாராவது ஏன் என்று கேட்டால், நீதான் பதில் சொல்ல வேண்டும். இப்போது உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு அறிவுரை என்று ஒன்று வேண்டுமானால் இதுதான், வேறு என்னிடம் இல்லை. நிவேதாவின் பொருள் எதுவும் உன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தால், தொடுவதற்கு முன் அவளைக் கேள். அவள் வீடியோவில் உன்னை ஒரு கேள்வி கேட்டாள். சிரிக்காமல் அதற்குப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அப்புறம், தப்பு செய்தால் அன்றைக்கே வாயால் சொல்லிவிடு. என்னை மாதிரிச் செடி வைத்து, தண்ணீர் ஊற்றி, பதினெட்டு வருஷம் அவளாகப் புரிந்துகொள்வாள் என்று காத்திருக்காதே. நான் இன்றைக்குத்தான் சொல்கிறேன். கௌதம், அந்தப் புழுக்கள் உன்னுடையவை என்று தெரிந்தேதான் பையைக் கட்டினேன். அழுத பிள்ளையை அடித்தேன். தப்புடா. என்னை மன்னித்துவிடு.

கோபம் இன்னும் போகவில்லை. நீ நேரில் வந்தால்தான் போகும், போகுமானால். பந்தக்காலுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்டில் வராதே, வியாழக்கிழமையே வா. பழைய ஷூ கொண்டு வா. வேலியோரமாகப் பார்த்தேன், பழைய இடத்திலேயே எருக்கங்குருத்து நாலு வந்திருக்கிறது. உன் கணக்குப்படி புதன் வரைக்கும் எண்ணிவிட்டேன். மிச்சத்தை நீ வந்து எண்ணு.

அம்மா